மடைத் தண்ணீர்

"அந்த மேனேஜரு பண்ணையில வேலை போட்டுத் தர்றேன்னானா? அத்த மட்டும் சொல்லிடும்மா."

ஊர்த்தலைவர் தேசப்பன் கேட்டது நந்தினியை. கங்கையம்மன் கோயில் முன்னால் ஊரே கூடியிருக்க, அவள் ஒற்றை ஆளாய் நின்றுகொண்டிருந்தாள். பொன்னேரிக்குப் போய் பி.எஸ்ஸி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிற பெண். அந்த மீனவக் குப்பத்திலிருந்து அவ்வளவு தூரம் படித்தவர்கள் வேறு யாரும் கிடையாது.

காலையில்தான் விசாரணை நடந்திருந்தது. இறால் பண்ணை திறந்துவிடும் மடைத் தண்ணீரால் ஏரி மீன் செத்து மிதக்கிறது என்று ஊர் மனுக் கொடுத்திருந்தது. தண்ணீரை யாராவது சோதித்தீர்களா என்று விசாரிக்க வந்த அதிகாரி கேட்டார். எங்கள் ஊர்ப் பெண்ணே மூன்று மாதமாகச் சோதிக்கிறாள் என்று, முடிவு என்னவென்று கேட்டுக்கொள்ளாமலே, தேசப்பன்தான் பெருமையாக நந்தினியை முன்னால் தள்ளினார். அவள் ப்ராஜெக்ட் நோட்டைத் திறந்து, உள்ளதை உள்ளபடி படித்தாள். பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு பாட்டில். அம்மோனியா இல்லை. அழுகல் இல்லை. நல்ல தண்ணீர்.

மனு தள்ளுபடி ஆனது. பண்ணை மேனேஜர் வெளியே போகும்போது நந்தினியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். அந்தக் கும்பிடுதான் ஊரைக் கொளுத்திவிட்டது.

"யாரும் எனக்கு வேலை தரல, பெரியப்பா."

"அப்போ சும்மாவே காட்டிக் குடுத்தியா?" என்று முன்னால் வந்தான் தருமலிங்கம். இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். முழங்கை வரை தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. "மடையாண்ட வலை இழுத்த கை இது. நல்ல தண்ணி செஞ்ச வேலையா இது? படிச்ச பொண்ணு நீ சொல்லு."

நந்தினியால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. அவளுக்கே அந்த முடிவு நம்பும்படியாக இல்லை. ப்யூரெட்டில் ஒரு சொட்டு கூடிப்போனாலும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறவள் அவள். ஒவ்வொரு பாட்டிலையும் மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் ஒரே அளவுதான் வந்தது. வேண்டாத அளவு வந்தாலும் அதை அடித்துவிட்டு வேறு எழுதக் கூடாது என்பதுதான் மூன்றாம் ஆண்டு லேபில் அவள் கற்றதிலேயே பெரிய பாடம்.

"எனக்கும் புரியல மாமா. ஆனா வந்த நம்பர நான் மாத்தி எழுத மாட்டேன்."

கூட்டம் இரைந்தது. தேசப்பன் கையமர்த்திவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார். நோட்டில் இருப்பது அத்தனையும் பொய் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் கைப்பட எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால், ஏரியில் யார் எந்த நாள் வலை போடுவது என்று ஊர் வைத்திருக்கும் முறையிலிருந்து அவள் வீட்டுப் பேரை எடுத்துவிடுவார்கள். முறை போனால் அவள் அப்பா ஏரியில் கால் வைக்க முடியாது. அடுப்பில் உலை வைப்பதும் சந்தேகம்தான்.

அந்த நேரத்தில்தான் பழவேற்காட்டில் மீன் விற்றுவிட்டு வந்த அவள் அம்மா குப்பம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தாள். மகள் விலை போய்விட்டாள் என்று யாரோ சொன்னது மட்டும் அவள் காதில் விழுந்திருந்தது. அது போதுமாயிருந்தது. காலிக் கூடையைத் தருமலிங்கத்தின் காலடியில் விட்டெறிந்தாள்.

"பன்னெண்டு வாரம் பாட்டிலத் தூக்கினு வந்தவ நானு. அதுல இன்னா இருந்துச்சோ அத்தத்தான் எம்மவ எழுதினா. அவளப் போயி வெல போனவன்னு எவன் சொன்னான்? எங்க, என் எதிர்ல சொல்லட்டும்."

தருமலிங்கம் கூடையைத் தாண்டிப் பின்னால் போனான். ஆனால் தீர்ப்பு மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரைதான் என்று மறுபடியும் சொல்லிவிட்டுத் தேசப்பன் எழுந்தார்.

வீட்டுக்கு வந்த நந்தினி அழவில்லை. ஊர்மேல் கோபம். அந்தக் கும்பிட்டின்மேல் கோபம். ஒரு பாவமும் செய்யாத ப்யூரெட்டின்மேலும் கோபம். காலி பாட்டில் ஒன்றை எடுத்து அழுத்தி அழுத்திக் கழுவினாள்.

"இன்னாடி பண்ற?" என்றாள் குப்பம்மாள்.

"ஏழு மணிக்குத்தான் மடைய தொறப்பான், அதுக்குள்ள பஸ்ஸு பூடும்னுதான் இத்தினி நாளு உன்ன அனுப்புனேன். நாளைக்கு காலேஜுக்கு லீவு போடறேன். நானே போயி புடிச்சாந்து, இன்னொரு வாட்டி பாத்துடறேன்."

குப்பம்மாள் பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கினாள். "எத்த? அந்த மடைத் தண்ணியவா?"

"பின்ன? நீ இத்தினி வாரமும் அத்தத்தான கொண்டாந்த?"

கூட்டத்தில் ஏறிய கோபம் இன்னும் இறங்காத முகத்தோடு குப்பம்மாள் மகளை முறைத்தாள். "கண்ணாடிக் கொழாய வாயில வச்சி உறிஞ்சித்தான் தண்ணிய அளப்போம்னு நீதானடி சொன்ன? அந்த நாத்தத் தண்ணி எம்பொண்ணு வாயில போவக் கூடாதுன்னு, ஒவ்வொரு வாரமும் முகத்துவாரம் வரைக்கும் நடந்து, கடத்தண்ணி உள்ள ஏறச்சொல்ல நல்ல தண்ணியாப் பாத்து மொண்டாந்தேன்."