ராய்ஸின் புது வீடியோ

"தொப்பிய இன்னும் கொஞ்சம் எறக்கு. நெத்தி பளபளன்னு மின்னுது!" என்று டெல்பர்ட் கத்தினான்.

அமெரிக்காவில் நாஷ்வில் நகருக்கு வெளியே ஒரு சின்ன சர்ச். கிதாரை அணைத்தபடி சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார் அமெரிக்க நாட்டுப்புற ‘கன்ட்ரி’ இசைப் பாடகர் ராய்ஸ். இருபது வருடமாக அவருக்கு மேனேஜர் டெல்பர்ட்தான். அவருடைய வீடியோக்களுக்கு டைரக்டரும் அவனே.

"பாத்தியா? இன்னிக்குதான் சொன்னபடி கேக்குறான்" என்று கேமராமேனிடம் பீற்றிக்கொண்டான். "சேத்துல பொரளச் சொன்னா முதுகு வலிம்பான். போன வாரம் காளை மேல ஏறச் சொன்னா, நெஞ்சு வலிக்குதுன்னு ஒரே நடிப்பு! விடுவேனா? அதட்டி ஏத்திட்டேன்ல!"

ராய்ஸின் மனைவி நெல்டா கறுப்பு உடையில் பெட்டியருகே நின்றிருந்தாள். கேமரா அவள் பக்கம் திரும்பியது.

"கட், கட்! ஏம்மா, புருஷன் பொணமா கெடக்கான், நீ சிரிச்சுக்கிட்டு நிக்கிற? நல்லா அழும்மா! பாக்குறவன் கண்ணு கலங்க வேணாமா? இன்னொரு டேக் போலாம்."

பாஸ்டர் பைபிளை மூடினார். "போதும் டெல்பர்ட். நெஜமாவே செத்துப்போன மனுஷன். கல்லறையில குழி வெட்டி வச்சுட்டுக் காத்திருக்காங்க. இனியாவது அடக்கம் பண்ண விடுப்பா."

"ரெண்டே நிமிஷம், பாஸ்டர். செத்தவனுக்கு என்ன அவசரம்? மொதல்ல இவள அழச் சொல்லுங்க!"

நெல்டா ராய்ஸின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, பெட்டியைத் தானே மூடினாள்.

"எனக்கு அழுகை வராது, டெல்பர்ட். இனிமே எந்தக் காளை மேலயும் உன்னால அவர ஏத்த முடியாதே! அத நெனச்சுதான் சிரிக்கிறேன்."