பம்ப் யாருக்கு?

ஆக்னஸ் டீச்சரின் விசிலை இளவேனில் முதன்முதலில் கேட்டது ஆறாம் வகுப்பில். மழை விட்ட மைதானத்தில், தொண்டைக்குள் பட்டாணி உருள்வதுபோல நடுங்கி நடுங்கி நீண்ட சத்தம்.

இருபது வருஷம் கழித்தும் அதே டீச்சர், அதே விசில். இப்போது அம்மா மண்டபம் பக்கத்தில், நான்கு சைக்கிள்களுக்கு.

நால்வரும் தினமும் காலையில் சேர்ந்து ஓட்டுகிறவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு டைம் டிரயல். இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளம்பி, மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வாசலைத் தொட்டுத் திரும்ப வேண்டும். போன்கள் டீச்சரின் பையில்.

நேரக் கணக்கில் கடைசியாக வருகிறவர், எல்லோருக்கும் பொதுவான காற்றடிக்கும் பம்ப்பை மாதம் முழுக்கத் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். கனமில்லைதான். ஆனால் பார்க்கிறவர்களெல்லாம், “என்ன, இந்த மாசம் நீங்களா?” என்று கேட்பார்கள்.

முதல் மாதம் அது ஜோஸுக்குப் போயிற்று. தென்னூரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். மறுநாளே சைக்கிளை விற்க ஆள் தேடினார்.

இரண்டாம் மாதம் அடைக்கலம் கடைசியாக வந்தார். அதிலிருந்து மூன்று வருஷமாக அவர்தான்.

“என்னண்ணே, போன மாசம் கிளம்பினதுக்கு இப்பத்தான் வந்து சேர்றீங்களா?” என்பார் ஜோஸ்.

“வழியில ஒரு நத்தை ஓவர்டேக் பண்ணுச்சு தம்பி. வழி விட்டேன்.”

“சட்டையில ஒரு சொட்டு வேர்வை இருக்கா பாருங்க!” என்பார் காலேஜில் கணக்கு வாத்தியாராக இருக்கும் ரெஜிஸ். “மிதிச்சாத்தானே வேர்க்கும்!”

எல்லோரும் சிரிப்பார்கள். அடைக்கலமும்தான்.

இன்று அவருக்குக் கடைசிப் பந்தயம். மனைவி போனபிறகு எடமலைப்பட்டி புதூரில் தனியாக இருக்கக்கூடாது என்று மகளின் பிடிவாதம். அடுத்த வாரம் பெங்களூர்.

விசில். ரெஜிஸ் பறந்தார். பிறகு ஜோஸ். பிறகு இளவேனில். போன மாதத்துக் கடைசி ஆள்தான் கடைசியில் கிளம்ப வேண்டும்.

மேலூர் ஊரைத் தாண்டியதும், பூங்கா வருவதற்கு முன்பே இளவேனில் முன்னும் பின்னும் பார்த்தாள். இறங்கினாள். சைக்கிளை வாழைத்தோப்புக்குள் தள்ளினாள்.

அங்கே ஜோஸ் உட்கார்ந்திருந்தார்.

“ஜோஸ் அண்ணே! இங்க என்ன பண்றீங்க?”

“பஞ்சர்.”

அவள் டயரை அமுக்கிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

“நீ என்ன பண்றே?”

“தலை சுத்துது.”

“ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்க,” என்றது அடுத்த வாழை மறைவிலிருந்து ரெஜிஸின் குரல். “அவரு காதுல விழப்போகுது.”

மூன்று பேருக்கும் ஒரே யோசனை. அடைக்கலம் தாண்டிப் போகட்டும். அப்புறம் நாம் மெதுவாகப் போகலாம். ஒரு தடவையாவது ஜெயித்துவிட்டுப் போகட்டும் மனுஷன்.

“நல்ல யோசனைதான்,” என்றாள் இளவேனில். “ஆனா கடைசியா வரப்போறது நான்தான்.”

“அதெப்படி? நான்தான் வரணும்னு நெனச்சேன்,” என்றார் ஜோஸ்.

“இந்தத் தோப்புக்கு மொதல்ல வந்தவன் நான். அதனால கடைசி எனக்குத்தான்!” என்றார் ரெஜிஸ்.

சண்டை முற்றியது. சத்தம் கேட்டுத் தோப்புக்காரர் அரிவாளோடு வந்தார்.

“யாருய்யா அது? தலையில சட்டியைக் கவுத்துக்கிட்டு வாழைத்தார் திருட வர்றீங்களா?”

“திருட வரலீங்க. தோக்க வந்திருக்கோம்,” என்றார் ரெஜிஸ்.

தோப்புக்காரர் அவரையே சற்று நேரம் பார்த்தார். “யாருக்காவது போன் பண்ணட்டுங்களா?” என்று தணிவாகக் கேட்டார்.

அடைக்கலம் வரவில்லை. வெயில் ஏறியது. கொசு கடித்தது. இன்னும் வரவில்லை.

“அறுபத்தி மூணு வயசு,” என்றார் ஜோஸ். “எங்கேயாவது விழுந்துட்டாரோ?”

மூன்று சைக்கிள்களும் வந்த வழியே திரும்பிப் பாய்ந்தன. எந்த டைம் டிரயலிலும் அவர்கள் அவ்வளவு வேகமாக மிதித்ததில்லை.

பாதி வழியில் ஒரு டீக்கடை. பெஞ்சில் அடைக்கலம். பக்கத்தில், நாலு பேரையும் காணோமே என்று ஸ்கூட்டரில் தேடி வந்த ஆக்னஸ் டீச்சர்.

“என்னாச்சுண்ணே?”

“செயின் கழண்டுடுச்சு தம்பி. நீங்கள்லாம் திரும்பிப் போனப்புறம் மெதுவா வரலாம்னு உட்கார்ந்துட்டேன்.”

செயின் இருந்த இடத்தில் இருந்தது. அவர் விரல்களில் வடை எண்ணெய் மட்டும்தான் இருந்தது.

“பாவம், முடியல போல. சொல்ல வெட்கப்படறார்,” என்று ரெஜிஸ் இளவேனிலின் காதில் சொன்னார்.

டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “நாலு பேர்ல ஒருத்தர்கூடப் பூங்காவைத் தொடலியா? நான் யாருக்குன்னு டைம் போடறது?”

“அண்ணனுக்குப் போடுங்க டீச்சர்,” என்றார் ஜோஸ். “இன்னைக்குக் கம்மியா தூரம் போனவர்தான் ஜெயிச்சவர்.”

“அது எந்த ஊரு ரூலு?”

“இன்னைக்கு மட்டும் டீச்சர்.”

டீச்சர் விசிலை ஊதிவிட்டார். ஜோஸ் தன் ஈரத் துண்டை அடைக்கலத்தின் தோளில் பொன்னாடையாகப் போர்த்தினார். அடைக்கலம் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“அப்போ இந்த மாசம் பம்ப் யாருக்கு?” என்று கேட்டார் டீச்சர்.

தோப்பில் கடைசி இடத்துக்கு அடித்துக்கொண்ட மூவரும் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். ஜோஸின் முகம் வெளுத்திருந்தது.

அடைக்கலம் எழுந்துபோய், தன் சைக்கிளில் பம்ப் கட்டியிருந்த கயிற்றை இன்னொரு முறை இறுக்கினார்.

“இது எனக்குப் பழகிப்போச்சு. நானே கொண்டு போறேன்.”

“ரொம்ப நல்ல மனசுண்ணே உங்களுக்கு,” என்றார் ஜோஸ். “அங்க போயி யார்கூடயும் போட்டி கீட்டின்னு இறங்கிடாதீங்க. உடம்பைப் பாத்துக்கங்க.”

“சரிங்க தம்பி.”

பெங்களூரில் கலந்துகொண்ட முதல் டைம் டிரயலிலேயே அடைக்கலம் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்தவருக்கு வயது முப்பத்தொன்று.