சாதுவான மாடு

மாடு வாங்க வந்தவர்களின் பூட்ஸைப் பார்த்ததுமே டெஸ் ஹாலோரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புத்தம் புதுசு. அம்மாள் போட்டிருந்ததில் விலைச் சீட்டுகூட இன்னும் தொங்கியது.

"சிட்னியிலேர்ந்து இன்னும் ரெண்டு கோமாளி," என்று மனைவி நோலீனிடம் முணுமுணுத்துவிட்டு, வாயெல்லாம் பல்லாக வேலியருகே போனான்.

கணவரின் பெயர் ஐவர் பெல்லாமி; பியானோவுக்குச் சுதி சேர்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மாரியன் பள்ளி நூலகத்தில் இருந்தவராம். கையோகிள் மலையடிவாரத்தில், ஓடையை ஒட்டி நாற்பது ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். கறிக்கு வளர்க்க ஒரு பசு வேண்டும், நோய் நொடி இல்லாததாக.

"இதுக்கு முன்னாடி மாடு வாங்கியிருக்கீங்களா?"

"இதுதான் முதல் தடவை," என்றார் ஐவர், வெட்கத்தோடு.

டெஸ்ஸுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? முப்பது மாடு நின்ற மேய்ச்சல் நிலத்தின் பக்கம் அவர்களைத் திரும்பக்கூட விடாமல், நேராக இரும்புக் கூண்டுக்கு அழைத்துப் போனான். உள்ளே கழுத்து இறுகப் பூட்டப்பட்டு, கரும்புப்பாகை நக்கிக்கொண்டு நின்றது கறுப்புப் பசு ஒன்று. வீட்டில் அதற்கு மகாராணி என்று பெயர். போன வருஷம் லாரிக்காரன் ஒருவனுக்கு இரண்டு விலா எலும்பை முறித்தது. இந்த வருஷம் ஊசி போட வந்த மாட்டு டாக்டர் வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தார். கசாப்புக்கு அனுப்பினால் பாதி விலைதான் தேறும். முட்டாள் கிடைத்தால் முழு விலை.

மாரியன் ஒரு தாளை விரித்தார். முதன்முதலாக மாடு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை. கண் தெளிவாக இருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா, இருமுகிறதா, தோல் மினுமினுக்கிறதா, குளம்பு வெடித்திருக்கிறதா? அவர் ஒவ்வொன்றாகப் படிக்க, ஐவர் குனிந்து பார்த்து "சரி" என்றார்.

"சாணியையும் பார்க்கச் சொல்லியிருக்கு," என்றார் மாரியன்.

"பாருங்கம்மா, தாராளமா பாருங்க. வேணும்னா பொட்டலம் கட்டித் தரேன்."

கடைசி வரிக்கு வந்தபோது மாரியனின் குரல் தாழ்ந்தது. "குணம் எப்படி, மிஸ்டர் ஹாலோரன்?"

"இவளா? சாதுன்னா சாது, அப்படியொரு சாது. என் பேத்தி இவ வயித்துல தலை வெச்சுத் தூங்குவா."

நோலீன் வாயைத் திறந்தாள். டெஸ் முறைத்தான். அவள் மூடிக்கொண்டாள்.

"தனியா நிறுத்தலாமா?" என்றார் ஐவர்.

"தனியா இருந்தாத்தான் வாத்தியாரே இவளுக்கு நிம்மதி."

கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தார்கள். அன்று மத்தியானமே கூண்டிலிருந்து நேராக லாரியில் ஏற்றி, டெஸ்ஸே கொண்டுபோய் அவர்கள் வேலிக்குள் இறக்கினான். மகாராணி குதித்த வேகத்தில் கேட்டுக் கம்பம் சாய்ந்தது.

"புது இடம் இல்லையா, கொஞ்சம் கூச்சப்படுறா," என்றான் டெஸ்.

தம்பதி இருவரும் வேலிக்கு வெளியே கைகோத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீடு திரும்பியதும் நோலீன் பிடித்துக்கொண்டாள். "அறுபத்தஞ்சு வயசு ஆளுங்க டெஸ்! செத்துப்போனா?"

"செத்தா சாகட்டும். தாளைப் பார்த்து மாடு வாங்குற ஜென்மத்துக்கெல்லாம் மாடு எதுக்கு? டவுன்லயே நாய்க்குட்டியைக் குளிப்பாட்டிட்டுக் கிடக்க வேண்டியதுதானே!"

அன்று சாயங்காலம் மதுக்கடையில் இந்தக் கதையை நடித்தே காட்டினான். "ஈஸ்டருக்குள்ள ஆம்புலன்ஸ் வரும், பாருங்கடா."

நோலீனுக்குத்தான் மனசு உறுத்தியது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் போன் செய்தாள். "மாடு... மாடு எப்படி இருக்கு?"

"தங்கம்! அவ வந்ததிலேர்ந்து நாங்க நிம்மதியாத் தூங்குறோம்," என்றார் மாரியன்.

"ரெண்டும் லூசு," என்றான் டெஸ்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஆம்புலன்ஸ் வரவில்லை. டெஸ்ஸின் வாசலில் போலீஸ் வண்டிதான் வந்து நின்றது. இறங்கிய பெண் சார்ஜென்ட்டின் வலது கையில் தோள்வரை மாவுக்கட்டு.

"மிஸ்டர் ஹாலோரன், பெல்லாமி தம்பதிக்கு ஒரு கறுப்புப் பசு வித்தீங்களா?"

டெஸ் தொப்பியைக் கழற்றினான். "வித்தேன். நல்ல ஆரோக்கியமான மாடு. விக்கும்போது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு..."

"பொய்!" என்று நோலீன் குறுக்கே பாய்ந்தாள். மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்தது அழுகையோடு கொட்டியது. "அது கொலைகார மாடுன்னு எங்களுக்குத் தெரியும். சாதுன்னு சொல்லி அந்த அப்பாவிங்க தலையில கட்டிட்டோம். அவங்க உயிரோட இருக்காங்களா, அதைச் சொல்லுங்க!"

"உயிரோட சௌக்கியமாத்தான் இருப்பாங்க. எங்கேன்னுதான் தெரியல," என்றார் சார்ஜென்ட்.

டெஸ் விழித்தான். "அப்போ உங்க கை?"

"உங்க மாடுதான். ஓடைக்கரைக்குப் போக அந்தக் கேட்டை விட்டா வேற வழியில்ல. நாலு தடவை போனோம், நாலு தடவையும் மரத்துல ஏறி உட்கார்ந்திருந்தோம். நேத்து மயக்க ஊசி போட்டுத்தான் உள்ள போக முடிஞ்சுது." அவர் மாவுக்கட்டை மெல்லத் தடவிக்கொண்டார்.

"மாட்டுக்குக் கரும்புப்பாகை வெச்சுட்டு, மூணு ஏக்கர் கஞ்சாவையும் வேரோட பிடுங்கி எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க, எந்த ஊருக்குப் போனாலும் ஆளைக் கொல்ற மாடு யார்கிட்ட இருக்குன்னு மதுக்கடையில விசாரிச்சிட்டுத்தான் அந்தப் புது பூட்ஸையே மாட்டுவாங்களாம், உங்களோடது அவங்களுக்கு நாலாவது மாடு."