ஜெயித்தவருக்கு ஒரு சீட்

"அப்பா, இதுல மூணாவது ஆள் எங்கப்பா உக்காருவாங்க?"

வண்டி வீட்டுக்கு வந்த அன்று சின்னவன் கேட்ட கேள்வி அது. பல் டாக்டரான அவன் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "மூணாவது ஆள் பஸ்ல உக்காருவாருடா!"

மொத்தமே இரண்டு இருக்கைகள்தான். அவற்றின் முதுகை ஒட்டி என்ஜின். அதற்கும் பின்னால் ஒரு சின்னப் பெட்டி உண்டு. கடையில் பால் வாங்கி அதில் வைத்தால், அந்தச் சூட்டில் வீடு வருவதற்குள் திரிந்துவிடும். எடை குறைந்தால்தான் வண்டி பறக்கும் என்று ரேடியோ, தரைவிரிப்பு, மாற்றுச் சக்கரம் எல்லாவற்றையும் அப்பா கழற்றிப் போட்டிருந்தார்.

"டாக்டர், இதை ஓட்டிக்கிட்டுப் போறீங்களா, கால்ல மாட்டிக்கிட்டுப் போறீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்வார். தரையோடு தரையாக அவ்வளவு தாழ்வான வண்டி.

"உங்க சைசுக்குக் கிடைக்காது சார்!" என்பார் அப்பா.

மழையோ வெயிலோ, அவர் கிளினிக்குக்கு அதில்தான் போனார். போகிற வழியில்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். பக்கத்து சீட்டில் யார் போவது என்பதற்கு அவரே ஒரு போட்டி வைத்தார். இரவுச் சாப்பாட்டின்போது இரண்டு பேரிடமும் அவரவர் வயதுக்கு ஏற்ற கணக்குக் கேட்பார். அதிகம் சரியாகச் சொல்பவருக்கு மறுநாள் கார். தோற்றவருக்கு பஸ்.

எப்போதும் பெரியவளே ஜெயித்தாள். சின்னவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குக் கேட்ட கேள்விக்கும் அவளே பதில் சொல்லிவிடுவாள்.

அதோடு விட்டாளா? காலையில் தன் பையிலிருந்து கனமான புத்தகங்களை எல்லாம் எடுத்துத் தம்பியின் பையில் திணிப்பாள். "ஸ்கூல்ல வந்து வாங்கிக்கறேன்டா." தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். கார் என்றால் சாப்பாடுகூட மறந்துவிடுகிறது இவளுக்கு என்று அம்மா முணுமுணுப்பாள்.

ஒருநாள் நல்ல மழை. இரண்டு பேர் சுமையையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற சின்னவனின் பை வார் அறுந்து, புத்தகங்கள் எல்லாம் சேற்றில் விழுந்தன. சாயங்காலம் அழுக்குச் சட்டையோடு வந்து நின்ற பிள்ளையைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி, மகாராணி மாதிரி நீ கார்ல போவே, உன் மூட்டையை அவன் சுமக்கணுமா? இன்னைக்கு ஒரு நாள் தப்பாச் சொல்லு. குழந்தை ஆசையா ஒரு தடவை போகட்டும்."

"முடியாதும்மா."

"ஒரே ஒரு நாள்டி!"

"அவன் வேண்டாம்மா. நான்தான் போவேன்."

அம்மாவின் கை ஓங்கியே விட்டது. எப்படியோ அடக்கிக்கொண்டாள். "நெஞ்சுல கல்லை வெச்சுப் பொறந்திருக்கேடி நீ!"

அம்மா அடுப்படியிலேயே நின்று கண்ணை மூடிக்கொண்டாள். 'கடவுளே, இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் இரக்கத்தைக் கொடு.'

கடவுள் வேறு விதமாகக் கேட்டுக்கொண்டார் போலிருக்கிறது. அன்று சாப்பாட்டு மேசையில் அப்பா கேள்வியை முடிப்பதற்குள் சின்னவன் பட்பட்டென்று பதில் சொன்னான். ஒன்றுகூடத் தப்பவில்லை. அக்காவுக்குத்தான் நாக்குக் குழறி இரண்டு தப்பிப்போயின.

"எப்படிடா கண்ணா?" என்றாள் அம்மா பூரித்துப்போய்.

"பஸ்ல படிச்சேம்மா."

பெரியவளின் முகம் வெளுத்தது. "அப்பா, இவன் பார்த்துச் சொல்றான்ப்பா! மறுபடி கேளுங்கப்பா!"

"தோத்தா ஒத்துக்கணும்" என்றார் அப்பா.

அவள் விம்மி விம்மி அழுதாள். தம்பி ஒரு நாள் ஜெயித்ததற்கு இவ்வளவு வயிற்றெரிச்சலா என்று அம்மாவுக்குக் கூசியது.

காலையிலும் அவள் விடவில்லை. "என் கலர் பென்சில் எல்லாம் உனக்கே தரேன்டா. நீ பஸ்ல போயேன்."

சின்னவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். ரொட்டியைத் தொடவில்லை. தன் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அக்காவின் பையில் வைத்தான்.

"பழிக்குப் பழியாடா, போக்கிரி!" என்று சிரித்தபடி அம்மா வாசல்வரை வந்து கையசைத்தாள்.

தெருமுனையில் வேகத்தடை. வண்டியின் அடிப்பக்கம் கரகரவென்று தரையில் உரசியது. என்ஜின் இரைச்சலுக்கு மேலே அப்பா கத்தினார்.

"நான் தனியாப் போறப்ப என்னைக்காவது இடிச்சிருக்கா? எல்லாம் பக்கத்துல ஏத்தற எடை!"

சின்னவன் திடுக்கிடவில்லை. போன வாரம் சிக்னலில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் இந்த வண்டி வந்து நின்றபோது, மேலே ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தான். வாய்ப்பாட்டைக் கையில் எடுத்தது அன்றைக்குத்தான்.

கியரிலிருந்து அப்பாவின் கை எழும்பியது. சின்னவன் தன் முழங்காலை அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"அடிங்கப்பா. இன்னைக்கு அக்காவுக்கு லீவு."