நீட்டிய மூக்கு

“டேய் மூக்கா, உன் ஆளை நிறுத்துடா. இன்னும் நாலு எட்டு முன்னால வச்சா என் முட்டையை மிதிச்சிடுவான்” என்று தலைக்கு மேலே கத்தியது ஆள்காட்டிக் குருவி. அது வெறுந்தரையில்தான் முட்டையிடும். பார்த்தால் கூழாங்கல் மாதிரியே இருக்கும்.

ஜூம் கேமரா முழுசாக மூக்கை நீட்டியிருந்தது. “மூக்கு நீண்டிருந்தா பக்கத்துல இருக்கறது எனக்கு மங்கல்தான் அக்கா. படம் தெளியணும்னா அவருதான் பின்னால போகணும்.”

“அப்ப மூக்கை உள்ளே இழுக்காம அப்படியே நில்லேன்.”

“ரிப்பேர்னு கடையில திருப்பிக் கொடுத்துடுவாரே. எத்தனையோ பெரிய கேமராவைத் தள்ளிட்டு என்னை எடுத்தாரு.”

“தூரத்துல நின்னு பார்க்கத்தானே உன்னை எடுத்தான்?”

கேமராவை வாங்கிய ஆரோன், மங்கல் படத்தைப் பார்த்து முனகிக்கொண்டே மூக்கை உள்ளே இழுக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினார். ஓரடி பின்னால் போய் மறுபடியும் அழுத்தினார்.

கேமரா இழுக்கவில்லை.