சின்னப்பராஜ் மில்லின் புது பேனல் போர்டு

எருமப்பட்டி கோழித்தீவன மில்லில் புது மின்சாரப் பேனல் போர்டுக்குத் திறப்பு விழா. பங்குத்தந்தை தீர்த்தத்தைப் பத்தடி தள்ளி நின்றே தெளித்தார். "தொழிலாளி உயிர்தான் எனக்கு மூச்சு" என்று பேசி முடித்த முதலாளி சின்னப்பராஜ் சுவிட்சை ஏற்றினார். ஆளுக்கு ஷாக் அடித்தால் கரண்டை நிறுத்தும் ட்ரிப்பர் உடனே விழுந்தது.

போன வருஷம் பழைய போர்டில் இதுபோல அடிக்கடி விழுந்து அரவை நிற்கிறதென்று, ட்ரிப்பரைத் தவிர்த்து டைரக்ட் லைன் கொடுக்கச் சொன்னவர் அவர்தான். அந்த வாரமே மில் தொழிலாளி ஆரோன் தண்ணீர் வாளியோடு மோட்டாரைத் தொட்டுச் செத்தபோது, மாரடைப்பு என்று சொன்னவரும் அவர்தான்.

எலக்ட்ரீஷியன் முபஷிர் எல்லா வயரையும் கழற்றிவிட்டு ஏற்றிப் பார்த்தார். அப்போதும் விழுந்தது.

"ஆராச்சும் தொட்டாத்தானுங்க இப்பிடி விழும்."

"வயரே இல்லையேப்பா, ஆரு தொடறது?"

லட்டுத் தட்டோடு நின்றிருந்த ஆரோன் மனைவி ஹெலன் சொன்னாள்: "அவரு இன்னும் கைய எடுக்கலையாட்ட இருக்குதுங்க."

சின்னப்பராஜ் விருந்தாளிகளைப் பார்த்தார். "வயரை மாட்டி டைரக்டாவே குடுத்துரு" என்றார்.

விளக்குகள் எரிந்தன, கைதட்டினார்கள். பூட்டிக் கிடந்த மோட்டார் அறைக்குள் ஒரு வாளி விழுந்து உருண்டது. எல்லாருக்கும் கேட்டது. இன்னும் பலமாகத் தட்டினார்கள்.