போகிக்குள் ஒரு நாவல்

“போகியன்னிக்குப் பழசெல்லாம் கழிச்சிடணும். ஒங்க டாஸையும் சேத்துத்தான் சொல்றேன்.”

சொல்லிவிட்டு துர்கா வெங்காயம் நறுக்கப் போனாள். போகிக்கு ஆறு நாள் இருந்தது.

செராமிக் கம்பெனியில் காலை ஷிப்ட் முடிந்து வந்தால் அன்புச்செல்வனுக்கு அந்தப் பழைய லேப்டாப்தான் உலகம். டாஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும் ஒரு தமிழ் சாஃப்ட்வேரில் மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தான். வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் அது திறக்காது.

துர்கா கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பவள். போன சித்திரையில் பாதி டிஸ்க்கைப் பிடுங்கி லினக்ஸ் என்ற புது சிஸ்டத்தைப் போட்டுக்கொண்டாள். அவளுடைய ஃப்ளாப்பியைச் செருகித் திறந்தால் லினக்ஸ்; செருகாவிட்டால் டாஸ். அவன் வேலைக்குப் போன பிறகு காலையில் அவள் முறை. சாயங்காலம் அவன் முறை. இப்போது மீதிப் பாதியும் வேண்டுமாம்.

“ரெண்டும் இருந்துட்டுப் போவட்டுமே. ஒன் லினக்ஸ என்னா பண்ணுது டாஸு?”

“எடத்த அடைக்குது. மூணு வருசமா ஒரு கதைய முடிக்காத ஆளுக்கு எதுக்கு எடம்?”

“அழிஞ்சிட்டா மறுபடி எழுத முடியாது துர்கா.”

“அதான், முடிச்சி பிரிண்ட் எடுத்து வெச்சிக்குங்கன்றேன்.”

“ஒரு பக்கமாவது படிச்சிருந்தா இப்பிடிப் பேசுவியா நீ?”

“எனக்கும் கதைக்கும் ஆவாதுன்னு பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னேன். நீங்க பஜ்ஜியிலயே கவனமா இருந்தீங்க.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டிலேயே படிக்க ஆளில்லாத நாவலை ஊரில் யார் படிக்கப்போகிறார்கள்?

ஆனாலும் லீவு போட்டான். லேப்டாப்பை விட்டு நகராமல் சாப்பாட்டைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொன்னான். போகிக்கு முதல் நாள் மாலை கடைசி வரியை அடித்தான். சென்டரிலிருந்து துர்கா தூக்கிவந்த பிரிண்டர், கரகரவென்று நூற்றுத் தொண்ணூறு பக்கங்களைத் துப்பி ஓய்ந்தது.

லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினான்.

“இந்தா. அழிச்சிக்க. முழுசும் ஒன் லினக்ஸுக்கே.”

அவள் லேப்டாப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“லினக்ஸா? அத ஆடியிலயே எடுத்துட்டேங்க. இந்தப் பொட்டி தாங்கல. நான் சென்டர்லயே பழகிக்கிறேன்.”

“அப்ப தெனம் காலையில இத வெச்சிக்கிட்டு என்னாதான் பண்ண?”

காகிதக் கட்டைப் புரட்டி, கடைசி அத்தியாயத்தை மட்டும் கிழித்தெடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் துர்கா.

“கதையில அந்த ஆள வேப்பூர்ல பஸ்ஸுக்கு நிக்க வெச்சிட்டு, லீவு போடற வரைக்கும் பதினாறு நாளா நீங்க ஒரு வரி எழுதல. தெனம் காலையில தெறந்து தெறந்து பாத்து ஏமாந்தா, மனுசி எத்தினி நாளுதான் பொறுத்துக்கிறது?”